மயோஸ்டேட்டின் போனால் மாடு பருக்கிறது, அப்புறம் மீதி ஜீன்களுக்கு என்ன வேலை?

கேள்வி (பிப்ரவரி 3, மாலை 6.10)

மாட்டின் எலும்புத்தசை வளர்ச்சியில் ஜீன் கட்டுப்பாடு என்று வாரத்துக்கு நாலு கட்டுரை வருகிறது. பெல்ஜியன் ப்ளூ மாட்டில் தசை வளர்ச்சியை அடக்கிவைக்கும் மயோஸ்டேட்டின் என்ற ஒரே ஒரு ஜீன் போயிருக்கிறது, தசை இரட்டிப்பாகிறது. விடை 1997லேயே கிடைத்துவிட்டது. அதற்கப்புறமும் ஜீன்களை அடக்கும் குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ, முனைகள் இணைந்த வட்ட ஆர்.என்.ஏ என்று இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? பட்டம் வாங்கத் தலைப்பு வேண்டும் என்பதற்காகவா?

பிப்ரவரி 3, இரவு 10.45

கடைசி வரிக்கு முதலில் பதில்: பாதி ஆமாம். மீதிப் பாதிக்காக எழுதுகிறேன். மாட்டுத் தசைச் செல்களோடு ஒன்பது வருடம் மல்லுக்கட்டியவன் நான். அதில் மூன்று வருடம் வீண். இங்கே உதவப்போவது அந்த மூன்று வருடம்தான்.

மயோஸ்டேட்டின் ஒரு மூக்கணாங்கயிறு. கயிறு அறுந்தால் மாடு ஓடும், சரி. ஓடுகிற கால் கயிற்றில் இல்லையே. தசையை உண்டாக்குவது வேறு ஜீன்களின் கூட்டம். பாக்ஸ்-3, பாக்ஸ்-7 இரண்டும் முன்னோடிச் செல்களைக் கட்டிக் காக்கின்றன. மிஃப்-5, மயோ-டி இரண்டும் அந்தச் செல்லைப் பார்த்து 'நீ இனி தசைதான்' என்று தீர்ப்பு எழுதுகின்றன. மயோஜெனின் வந்ததும் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட நாராக மாறுகின்றன. பெல்ஜியன் ப்ளூவில் இந்தக் கூட்டத்துக்கு எந்தக் குறையும் இல்லை. மயோஸ்டேட்டின் அணைந்துபோனதால் இவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

'இரட்டைத்தசை' என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மயோஸ்டேட்டினை நீக்கிய எலியில் ஒவ்வொரு தசையும் இரண்டு, மூன்று மடங்கு ஆனது. மாட்டில் சராசரியாக 20 சதவீதத்தை ஒட்டித்தான் தசை கூடுகிறது. பின்புறத்தைப் பார்த்தால் இரண்டு மாடு ஒன்றாக நிற்பது போலத் தோன்றும், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 4, காலை 6.30

திருத்தம். நேற்று 'அணைந்துபோனதால்' என்று எழுதிவிட்டேன். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் இந்த ஒரு சொல்லில்தான் மொத்தக் கேள்வியும் சறுக்குகிறது.

பெல்ஜியன் ப்ளூவில் அந்த ஜீன் அணையவில்லை, உடைந்திருக்கிறது. மூன்றாவது எக்ஸானில், அதாவது புரதத்துக்கான செய்தி உள்ள துண்டில், டி.என்.ஏவின் 11 எழுத்து காணோம். மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய இடத்தில் 11 போனால் படிப்பு தடம் புரளும். சில சொற்கள் உளறிவிட்டு, முற்றுப்புள்ளி முன்னாலேயே வந்துவிடும். 375 அமினோ அமிலப் புரதத்தில் உண்மையில் வேலை செய்கிற கடைசிப் பகுதி ஏறக்குறைய முழுதும் வருவதில்லை. பீட்மான்டீஸ் இனத்தில் இன்னும் எளிது: 313ஆவது இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், டைரோசின் இருக்கிறது. ஒரே எழுத்துப் பிழை. அந்தச் சிஸ்டீன்தான் புரதம் முடிச்சுப் போட்டு நிற்க உதவுவது. அது போனால் உருவம் நிற்காது.

பீட்மான்டீஸ் தசையை எடுத்து 'மயோஸ்டேட்டின் ஆர்.என்.ஏ எவ்வளவு இருக்கிறது' என்று ஜீனின் நகலான ஆர்.என்.ஏவை எண்ணும் க்யூ-பி.சி.ஆர் கருவியில் அளந்தால் கோளாறு தெரியாது. பிழையான ஆர்.என்.ஏவும் ஆர்.என்.ஏதான், கருவி அதையும் எண்ணும். அப்படியென்றால் 1997இல் கிடைத்தது ஜீன் கட்டுப்பாட்டுக்கான விடையே இல்லை. கட்டுப்பாடு சரியாக நடந்து, பொருள் மட்டும் பழுதாக வந்த கதை அது.

(இப்படிப்பட்ட மாடுகளைப் பற்றி ஆங்கிலேயக் கால்நடை வளர்ப்பாளர் ஜார்ஜ் கல்லி 1807இலேயே எழுதிவிட்டார். குரோமோசோம் 2இல் என்று இடம் தெரிந்தது 1995இல். ஜீன் தெரிந்தது 1997இல். கண்ணெதிரே நின்ற மாட்டுக்குக் காரணம் தெரிய 190 வருடம்.)

பிப்ரவரி 4, மதியம் 1.15

'அப்படியானால் உண்மையான கட்டுப்பாட்டுக் கோளாறு ஒன்று காட்டுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். மாட்டை விட்டு இரண்டு அடி தள்ளிப் போக வேண்டும்.

டெக்சல் செம்மறி ஆடு. இதற்கும் தசை அதிகம், இதற்கும் மயோஸ்டேட்டின்தான் காரணம். ஆனால் புரதத்தை எழுதும் பகுதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆர்.என்.ஏவின் வால்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அந்த ஒரு எழுத்தால் அங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ-1, 206 இரண்டும் வந்து உட்கார ஒரு திண்ணை அமைந்துவிட்டது. இரண்டுமே தசையில் கொட்டிக் கிடப்பவை. அவை உட்கார்ந்ததும் மொழிபெயர்ப்பு, அதாவது ஆர்.என்.ஏவைப் படித்துப் புரதம் செய்யும் வேலை, மந்தமாகி, நல்ல மயோஸ்டேட்டின் குறைவாக வருகிறது. 2006இல் இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ கட்டுரைகளை நானும் அன்றுவரை கிண்டல் செய்துகொண்டிருந்தவன்தான்.

அடுத்தது பன்றி. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-2 ஜீனின் மூன்றாவது இன்ட்ரானில், அதாவது புரதத்தில் சேராத இடைத்துண்டில், எதற்கும் உதவாது என்று நினைத்த இடத்தில், ஒரே ஒரு எழுத்து ஜியிலிருந்து ஏ ஆகியிருக்கிறது. பிறந்த பிறகு தசையில் அந்த ஜீனின் ஆர்.என்.ஏ மூன்று மடங்கு. ஒரு தடுப்புப் புரதம் வழக்கமாக உட்காரும் இடம் அது, எழுத்து மாறியதால் உட்கார முடியவில்லை. 2003இல் எழுத்து தெரிந்தது, தடுப்புப் புரதம் யாரென்று தெரிந்தது 2009இல்: செட்-பெட்-6. தாவும் டி.என்.ஏ ஒன்று எப்போதோ வந்து குடியேறி, பாலூட்டிகளின் வீட்டுக் காவலாளியாகிவிட்டது. மாட்டிலும் அது இருக்கிறது.

இரண்டிலும் புரதம் நல்ல புரதம். எங்கே, எப்போது, எவ்வளவு என்பது மட்டும்தான் மாறியது.

பிப்ரவரி 5, இரவு 9.00

கேலிபீஜ் என்ற, பின்தசை பெருத்த செம்மறி ஆட்டை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர். விடவில்லை, அதைத் தொட்டால் இரவு தூங்க முடியாது. அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் மாற்றம், அம்மாவிடமிருந்து வந்தது சாதாரணம் என்றால் மட்டும் பின்தசை பெருக்கும். இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்தால் சாதாரண ஆடு! பள்ளிக்கூடத்தில் படித்த ஓங்கிய, ஒடுங்கிய பண்புக் கணக்கை வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். காரணமான எழுத்து எந்த ஜீனுக்குள்ளும் இல்லை, ஜீன்களுக்கு நடுவே இருக்கிறது. பெயருக்குக் கிரேக்கத்தில் 'அழகிய பிட்டம்' என்று பொருள். விஞ்ஞானிகளுக்கும் ரசனை உண்டு.

பிப்ரவரி 7, காலை 7.20

இனி மாட்டுக்கே வருகிறேன். கேள்வி கேட்டவரும், பதில் சொன்ன நானும், நாள்கணக்கைப் பேசவே இல்லை.

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். முதல் இரண்டு மாதத்தில் முதல்நிலை நார்கள் உருவாகின்றன, எண்ணிக்கை குறைவு. அவற்றைச் சாரமாக வைத்து, அவற்றின் மேலேயே ஒட்டிக்கொண்டு இரண்டாம்நிலை நார்கள் வருகின்றன. தசையின் பெரும்பகுதி இவைதான். ஏறக்குறைய 180ஆம் நாளில் எண்ணிக்கை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாரும் பருக்கலாம், நீளலாம். புது நார் என்று சொல்லிக்கொள்ளும்படி சேராது. கன்று கண்ணைத் திறக்கும் முன்பே, நூறு நாள் இருக்கும்போதே, எத்தனை நார் என்ற கணக்கு மூடியாகிவிட்டது.

பிறந்த பிறகு பருப்பதற்குத் துணைச்செல்கள் உதவுகின்றன. நாரின் உறைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் செல்கள். தேவைப்பட்டால் விழித்துப் பிரிந்து, நாரோடு இணைந்து தங்கள் உட்கருவைக் கொடுத்துவிடும்.

பெல்ஜியன் ப்ளூவின் வித்தியாசமும் முக்கியமாக எண்ணிக்கையில்தான். சில தசைகளில் நார்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது கயிறு அறுந்ததன் விளைவு கருவிலேயே முடிந்துவிட்டது. வளர்ந்த காளையின் தசையை வெட்டி 'எந்த ஜீன் இந்தத் தசையைப் பெருக்கியது' என்று தேடுவது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய்ச் சமையல்காரர் யாரென்று கேட்பது மாதிரி. பாத்திரம் கழுவுகிறவர் மட்டும்தான் அங்கே இருப்பார்.

நடுச்சினையில் தாய்க்குத் தீவனம் குறைந்தால் கன்றின் தசைக்கு என்ன ஆகும் என்று இத்தனை பேர் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். அந்த மாதங்களில் இழந்ததைப் பிறகு எவ்வளவு தீவனம் போட்டாலும் எண்ணிக்கையில் மீட்க முடியாது.

பிப்ரவரி 7, இரவு 11.40

ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். மூக்கணாங்கயிறு என்று சொன்னேன் இல்லையா, அதைக் கட்டுவது யார் தெரியுமா? மயோ-டியே. மாட்டின் மயோஸ்டேட்டின் ஜீனுக்கு முன்னால் ஈ-பெட்டிகள் பல உண்டு. சி, ஏ, நடுவில் எதுவானாலும் இரண்டு எழுத்து, டி, ஜி என்று ஆறெழுத்துச் சங்கதி. மயோ-டி உட்காரும் இடமே அதுதான். தசையைத் தொடங்கிவைக்கிறவனே தசையை நிறுத்துகிறவனையும் கூட்டி வருகிறான். அந்த மயோஸ்டேட்டின் திரும்பி வந்து மயோ-டியைக் குறைக்கிறது, செல் பிரிவுக்குத் தடைபோடும் பி-21ஐக் கூட்டி மயோபிளாஸ்ட்களின் (தசையாகப்போகும் இளம் செல்கள்) பிரிவை நிறுத்துகிறது.

ஆகவே 'சாவி எந்த ஜீன்' என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. வட்டத்தில் சாவித்துவாரம் எங்கே?

பிப்ரவரி 8, காலை 6.50

நேற்றைய கடைசி வரி அழகாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டினால் மாடு மாறத்தானே செய்கிறது? துவாரம் இருக்கிறது. நான் மிகைப்படுத்திவிட்டேன்.

நேர்மாறான உதாரணமும் சொல்ல வேண்டும். 1987இல் மயோ-டியை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்லுக்குள் விட்டார்கள், அது தசைச் செல்லானது. தலைவன் கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் துள்ளினார்கள். 1992இல் மயோ-டி இல்லாத எலியை உண்டாக்கினார்கள். எலி தசையோடு பிறந்து சாதாரணமாக நடமாடியது. மிஃப்-5 அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. அடுத்த வருடம் இரண்டையும் சேர்த்து எடுத்தபோதுதான் தசையே உருவாகவில்லை. ஒரு ஜீனைத் தட்டி ஒன்றும் ஆகவில்லை என்றால் அது வேண்டாதது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு ஜீனை அளவுமீறி ஊற்றி ஏதோ ஆனால், இயல்பில் அதுதான் அந்த வேலையைச் செய்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 9, இரவு 10.10

வட்ட ஆர்.என்.ஏ பற்றிக் கேட்டதற்கு. பஞ்சு போல மைக்ரோ ஆர்.என்.ஏவை உறிஞ்சிக்கொள்ளும் என்பது கதை. மூளையில் அப்படி ஒன்று நிஜமாகவே உண்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ-7க்கு எழுபதுக்கும் மேல் இருக்கை வைத்திருக்கிறது. அது பஞ்சு. மாட்டுத் தசைக் கட்டுரைகளில் வருபவற்றில் பெரும்பாலும் ஒரு இருக்கை, இரண்டு இருக்கை. செல்லுக்குள் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ ஆயிரக்கணக்கில் இருக்கும், இந்த வட்டம் சில பத்து இருக்கும். குளத்தைக் கைக்குட்டையால் வற்றவைக்கிற கணக்கு. எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எண்ணியிருந்தால் மரியாதையோடு மேலே படியுங்கள்.

'குறிமுறையற்ற', அதாவது புரதம் தராத ஆர்.என்.ஏ என்ற முத்திரையையும் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். அப்படி ஒதுக்கிவைத்த ஓர் ஆர்.என்.ஏக்குள்தான் மயோரெகுலின் இருந்தது, 46 அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதம். 2015இல் வெளியே வந்தது.

பிப்ரவரி 10, இரவு 8.30

ஆய்வகத்தில் வளர்க்கும் எலித் தசைச் செல்லான சி2சி12இல் சோதித்தால் போதாதா என்கிறார் இன்னொருவர். வசதிதான். அது உயிரை எடுக்காது. மாட்டு மயோபிளாஸ்ட் எடுக்கும்.

தசைத்துண்டைக் கத்தரியால் கூழாகும் வரை நறுக்கி, நொதியில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டி, தட்டில் ஒரு மணி நேரம் வைப்போம். ஃபைப்ரோபிளாஸ்ட் அவசரக்காரன், முதலில் ஒட்டிக்கொள்வான். மேலே மிதக்கிற திரவத்தை வேறு தட்டுக்கு மாற்றினால் தசைச் செல் அதிகமாக வரும். அப்படியும் சில அவசரக்காரர்கள் கூடவே வருவார்கள். நான்கு தடவை தட்டு மாற்றிய பிறகு பார்த்தால் தட்டு முழுக்க அவர்கள் குடும்பம்தான். அப்புறம் செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும் சீரத்தை 2 சதவீதக் குதிரைச் சீரமாக்கினால் செல்கள் வரிசையாகப் படுத்து ஒன்றோடொன்று இணையும். ஐந்தாம் நாள் நல்ல மயோட்யூப், இணைந்த செல்களின் நீளக் குழாய். ஆறாம் நாள் காலை கதவைத் திறந்தால், ஓரத்தில் கிளம்பி பாய் சுருட்டியது போல மொத்த விரிப்பும் சுருண்டு நடுவில் கிடக்கும். அழுதிருக்கிறேன், வெட்கமில்லை.

இருந்தும் மாட்டுச் செல்லில்தான் பார்க்க வேண்டும் என்பேன். எலித் தசையில் 2-பி வகை மயோசின் (தசையைச் சுருக்கும் புரதம்) ஏராளம். மாட்டுத் தசையில் அது பெரும்பாலும் இல்லவே இல்லை. நார் வகை பற்றிய கேள்வியை எலியிடம் கேட்டால் எலி தன் கதையைத்தான் சொல்லும்.

பிப்ரவரி 12, காலை 6.00

முதல் கேள்வி கேட்டவர் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டார்: அவரே ஆய்வாளர். இரண்டு இனத்துக் கருக்களின் முதுகுத்தசையை ஒப்பிட்டு, ஆயிரத்துச் சொச்சம் ஜீன்கள் வித்தியாசமாக வந்திருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லையாம். முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டேன். போகட்டும்.

என் வீணான மூன்று வருடம் இப்படித்தான் தொடங்கியது. எனக்கும் நீளப் பட்டியல் வந்தது. பட்டியலின் உச்சியில் அடிப்போநெக்டின், பெரிலிப்பின், எஃப்.ஏ.பி.பி-4. மூன்றும் தசையில் புது வேலை செய்கின்றன என்று கொண்டாடி, ஒரு கருதுகோளே கட்டிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, கூடத்தில் உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: 'துண்டில் கொழுப்பு ஒட்டியிருந்ததா?' மூன்றுமே கொழுப்புச் செல்லின் அடையாள ஜீன்கள். புத்தகத்தில் நான் அடிக்கோடிட்டுப் படித்தவைதான்.

எனவே பட்டியலைத் தொடுமுன் அதில் கொழுப்பு, ரத்தம், இணைப்புத்திசு ஜீன்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஹீமோகுளோபின் உச்சியில் இருந்தால் கழுவிய விதத்தில் கோளாறு.

பிப்ரவரி 12, இரவு 9.50

இன்னொரு வருடம் போனது ஜி.ஏ.பி.டி.ஹெச்சால். அதை மாறாத அளவுகோலாக வைத்து மற்ற ஜீன்களை அளந்தேன். அது சர்க்கரையை எரிக்கும் பாதையில் இருக்கும் நொதி. செல் தசையாக மாறும்போது அதுவும் மாறுகிறது. அளவுகோலே நீண்டு சுருங்கினால்? வேறு மூன்று ஜீன்களைச் சேர்த்து அளந்தபோது என் அழகான மூன்று மடங்கு வித்தியாசம் காணாமல் போனது. அந்த வரைபடத்தைச் சட்டம்போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 2, மாலை 5.30

பழையதைக் கிளறினால் இப்படித்தான். பிப்ரவரி 12இல் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது, உறைகலனில் மீதமிருந்த என் பழைய மாதிரிகளை எடுத்து மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றிப் பார்த்தேன். ஆறு கரு, ஆறு துண்டு. கொழுப்பு தெரிந்தது இரண்டில்தான். மற்ற நான்கும் சுத்தம். 'எல்லாம் கொழுப்பின் வேலை' என்று நான் இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை.

மீதி வித்தியாசம் எங்கிருந்து? குறிப்பேட்டைத் தேடினேன். இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த கருக்கள், சினை ஊசி போட்ட தேதி தெரியாது. தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை நூலால் அளந்து வயதைக் கணித்திருக்கிறேன். பிறகு எல்லாவற்றையும் 'நடுச்சினை' என்று ஒரே பெட்டியில் போட்டு, ஒரு இனம், மறு இனம் என்று பிரித்திருக்கிறேன். ஒரு இனத்துக் கருக்கள் மூன்றும் மற்றதைவிட நீளம். நீளமான இனம் என்று அன்றைக்கு நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

சுத்தமான நான்கையும் இனத்தை மறந்துவிட்டு நீளப்படி அடுக்கினேன். கருவில் மட்டும் அதிகமாக இருக்கும் மயோசின், எம்.ஒய்.ஹெச்-3, குட்டையிலிருந்து நீளத்துக்குப் படிப்படியாக இறங்குகிறது. மயோஜெனினும் கூடவே இறங்குகிறது. என் பட்டியலில் கொழுப்பு போக மீதியிருந்ததில் பெரும்பகுதி இதே படியில் வரிசையாக நின்றது. நான் ஒப்பிட்டது இரண்டு இனத்தை அல்ல, இரண்டு வாரத்தை. நாலே நாலு புள்ளி, இதைக் கட்டுரையாக்க முடியாது. ஆனால் பிப்ரவரி 7 காலையில் நாள்கணக்கைப் பேசவில்லை என்று உங்களுக்கு உபதேசம் செய்த ஆள்தான் இதையும் செய்திருக்கிறான்.

உங்கள் கருக்களின் நீளம் எழுதிவைத்திருக்கிறீர்களா? இருந்தால் அந்த நீள அளவுகளை மட்டும் இங்கே போடுங்கள். ஜீன் பட்டியல் இப்போதைக்கு வேண்டாம்.